பெங்களூரில் பழைய மின்சார கார் வாங்கப் போகிறீர்களா? பேட்டரி முதல் ஆர்.சி. வரை பார்க்க வேண்டியவை

பழைய பெட்ரோல் கார் பார்க்கப் போகும்போது நமக்குக் கைவந்த சில பழக்கங்கள் உண்டு. பானெட்டைத் திறந்து ஆயில் கசிகிறதா என்று பார்ப்போம், சைலன்சர் புகையின் நிறத்தைப் பார்ப்போம், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் காதை வைத்துக் கேட்கச் சொல்வோம். மின்சார காரில் இந்த வித்தையெல்லாம் செல்லாது. பழுதான காரும் சத்தமில்லாமல்தான் ஓடும். விலையில் பெரும்பங்கு பிடிக்கும் பேட்டரி, சீட்டுக்கு அடியில் சீல் வைத்த பெட்டிக்குள் கிடக்கும்.

அதனால் கிலோமீட்டரையும் பளபளப்பையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் நிதானமாகச் சார்ஜ் போட்டு 60,000 ஓடிய காரா, பேஸ்மென்ட்டில் மாதக்கணக்கில் நின்றுகொண்டே 12,000 மட்டும் ஓடிய காரா என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: பேட்டரியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது, அதன் வாரண்டி உங்கள் பெயருக்கு வருமா? மற்றதெல்லாம் பேரம் பேச உதவும் விஷயங்கள்.

கார் தேடும் முன்: சார்ஜ் எங்கே போடுவீர்கள்?

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தெருவில் நிறுத்தும் வாடகை வீடு என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பொது சார்ஜரை மட்டும் நம்பி வாழ்ந்தால் செலவும் கூடும், பேட்டரியும் சீக்கிரம் களைக்கும். அடுக்ககம் என்றால் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் பார்க்கிங்கில் 15 ஆம்பியர் சாக்கெட்டும் ஒழுங்கான எர்த்திங்கும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். எர்த்திங் சரியில்லாத இடத்தில் பல கார்கள் சார்ஜே ஏறாது.

வாட்ஸ்அப்பிலேயே வடிகட்டுங்கள்

நேரில் போவதற்கு முன் ஆர்.சி., இன்சூரன்ஸ், சர்வீஸ் ரசீதுகளின் படங்களைக் கேளுங்கள். ‘நேர்ல வாங்க சார், எல்லாம் பக்கா’ என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம்.

முதல் வேலை, எந்த பேட்டரி என்று உறுதி செய்வது. ஒரே பெயரில் வேறு வேறு பேட்டரி வந்த கார்கள் நிறைய. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இ.வி.யில் 30.2 யூனிட் (இங்கே யூனிட் என்பது கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்). 2022 மே மாதம் வந்த நெக்ஸான் மேக்ஸில் 40.5. எம்.ஜி. இசட்.எஸ். இ.வி.யில் முதலில் 44.5, 2022 முதல் 50.3. டாடா டிகோரில் 2021 ஆகஸ்டில் வந்த சிப்ட்ரான் மாடலில் 26 யூனிட். அதற்கு முந்தையதில் இன்னும் சின்ன பேட்டரி. ஆன்லைன் விளம்பரத்தில் இவை எல்லாம் ஒரே பெயரில் கிடக்கும். ஆர்.சி.யில் இருக்கும் மாடல் வேரியன்ட்டைத்தான் நம்ப வேண்டும்.

சார்ஜிங் வாயையும் கேளுங்கள். மஹிந்திரா இ-வெரிட்டோவிலும் டாக்சிக்குப் போன பழைய டிகோர்களிலும் இருப்பது பாரத் டி.சி. 001 ரகம். இன்றைய ஃபாஸ்ட் சார்ஜர்களில் பெரும்பாலானவை சி.சி.எஸ். 2. இதன் கன் (செருகும் முனை) அந்தப் பழைய வாயில் நுழையாது. எம்.ஜி. காமெட் 2023இல் வந்தபோது அதில் ஃபாஸ்ட் சார்ஜிங்கே கிடையாது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது குறையில்லை. மாதம் ஒருமுறை சேலத்துக்குப் போய்வருபவருக்கு அது காரே இல்லை.

அப்புறம் நம்பர் பிளேட். மின்சார கார்களுக்குப் பச்சைப் பலகை. எழுத்து வெள்ளை என்றால் சொந்த உபயோகம், மஞ்சள் என்றால் வாடகைக்கு ஓடியது. 2025 ஏப்ரலில் ப்ளூஸ்மார்ட் டாக்சி சேவை நின்றுபோன பிறகு, ஃப்ளீட் கார்கள் (ஒரே நிறுவனம் மொத்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டியவை) பழைய சந்தைக்கு வருவது பலர் கண்ணிலும் பட்டது. டாக்சியாக ஓடியது என்பதாலேயே கார் மோசம் என்று சொல்ல மாட்டேன். பல ஃப்ளீட்கள் ஒழுங்காக சர்வீஸ் செய்தவைதான். ஆனால் நாள்தோறும் ஃபாஸ்ட் சார்ஜ் வாங்கி, பிறகு பல மாதம் மொட்டை வெயிலில் ஓடாமல் நின்ற பேட்டரி என்றால் யோசிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மாற்றிய காரா என்பது ஆர்.சி. வரலாற்றில் தெரியும். அரசின் பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இன்சூரன்ஸ் காகிதத்தில் நான் முதலில் தேடுவது நோ-க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் கேட்காத வருடங்களுக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. நாலு வருடக் காருக்கு அது 0 என்று இருந்தால், ஒன்று போன வருடம் க்ளைம் நடந்திருக்கிறது, இல்லை ஓனர் மாறியிருக்கிறார். எதுவாயிருந்தாலும் கேள்வி கேட்கலாம்.

வாரண்டி: இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

நம் சந்தையில் அதிகம் ஓடும் பல மாடல்களுக்கு பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. நாள் எண்ணுவது முதல் விற்பனைத் தேதியிலிருந்து. நீங்கள் வாங்கும் தேதியிலிருந்து அல்ல. 2020 மார்ச்சில் விற்ற கார் என்றால் 2028 மார்ச்சோடு முடிந்தது.

‘லைஃப்டைம் வாரண்டி சார்’ என்பது இப்போது தரகர்களின் பிடித்த வாக்கியம். அது பெரும்பாலும் முதல் ஓனருக்கு மட்டும். எம்.ஜி. விண்ட்சரில் முதல் ஓனருக்கு வாழ்நாள் வாரண்டி. கை மாறினால் 8 வருடம், 1,60,000 கி.மீ. என்று சுருங்கிவிடும். விண்ட்சரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 செப்டம்பரில் அது அறிமுகமானபோது, காரை மட்டும் விலைக்கு வாங்கி பேட்டரிக்கு கிலோமீட்டர் கணக்கில் வாடகை கட்டும் திட்டமும் வந்தது. அப்படி வாங்கிய கார் உங்களிடம் வந்தால் பேட்டரி யாருடையது, பாக்கி எவ்வளவு, கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்று எங்கே என்பதெல்லாம் தெரியாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

சேஸிஸ் நம்பரோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், அல்லது மெயில் போட்டு, நாலு கேள்விக்குப் பதில் வாங்குங்கள். வாரண்டி எந்தத் தேதிவரை? இரண்டாவது ஓனருக்கு மாறுமா, கட்டணம் உண்டா? பேட்டரித் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவீர்கள்? இந்தக் காருக்கு விட்டுப்போன சர்வீஸ் அல்லது ரீகால் வேலை ஏதாவது உண்டா? கடைசிக் கேள்வி சம்பிரதாயம் அல்ல. ஹூண்டாய் கோனாவில் பேட்டரிப் பிரச்சினைக்காக 2020 டிசம்பரில் இந்தியாவில் 456 கார்களைத் திரும்ப அழைத்தார்கள்.

வாரண்டியில் ஏற்கெனவே பேட்டரி மாற்றிய கார் என்றால் பலர் பின்வாங்குகிறார்கள். காகிதம் சரியாக இருந்தால் எனக்கு அது ப்ளஸ் பாயின்ட். ஆனால் முழு பேட்டரியும் மாறியதா, உள்ளே ஒரு மாட்யூல் (சில செல்கள் சேர்ந்த ஒரு பகுதி) மட்டும் மாறியதா என்று சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் பாருங்கள்.

நேரில் போகும் நாள்

விற்பவரிடம் முன்கூட்டியே இரண்டு சொல்லிவையுங்கள். கார் ராத்திரி முழுக்க ஓடாமல் நிற்கட்டும். சார்ஜ் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எல்லோரும் 100 சதவீதம் போட்டுத்தான் காட்டுவார்கள். முழு சார்ஜில் எந்த பேட்டரியும் நல்ல பிள்ளைதான். பலவீனமான செல்லின் குணம் சார்ஜ் இறங்கும்போதுதான் வெளியே வரும்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஏதாவது விளக்கு ஆரம்பத்திலிருந்தே எரியவில்லை என்றால் அதுவும் சந்தேகத்துக்குரியது.

திரையில் காட்டும் ரேஞ்ச் எண்ணை மறந்துவிடுங்கள். ‘பாருங்க சார், 230 காட்டுது’ என்பார்கள். கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்து கார் போடும் மனக்கணக்கு அது. ஏசி இல்லாமல் பொறுமையாக இரண்டு நாள் உருட்டினால் யாரும் அந்த எண்ணை ஏற்றிவிடலாம். வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. தரும் ரேஞ்ச் சான்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பழைய நெக்ஸானுக்குச் சான்றில் 312 கி.மீ.; நிஜத்தில் 200ஐ ஒட்டித்தான் கிடைக்கும்.

பேட்டரியின் உண்மையான அளவைக் கண்டுபிடிப்பது

இதற்கு மூன்று வழி உண்டு. முடிந்தால் மூன்றையும் செய்யுங்கள்.

முதலாவது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட். சில இடங்களில் உடனே அச்செடுத்துத் தருவார்கள், சில இடங்களில் ஓனர் வந்தால்தான் என்பார்கள். ஓனரையே கூட்டிப்போங்கள். விற்க நினைப்பவர் அதற்கு மறுத்தால் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் வரும் சதவீதம், காரின் கணினி போட்ட மதிப்பீடு என்பது நினைவிருக்கட்டும். நாலு வருடம் ஓடிய கார் அப்பழுக்கில்லாமல் 100 காட்டினால், ரீசெட் செய்திருக்கிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

இரண்டாவது, ஓ.பி.டி. அடாப்டர். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் சின்னக் கருவி. கார் ஸ்கேனர் போன்ற ஆப்பில் உங்கள் மாடலுக்கான அமைப்பு இருந்தால், ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜும் தெரியும். அதிக வோல்ட்டேஜ் உள்ள செல்லுக்கும் குறைவானதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கார் நிற்கும்போது அது 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நிற்கும்போதே 100ஐத் தாண்டினால் நான் கிளம்பிவிடுவேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற எல்.எஃப்.பி. ரக பேட்டரியில் (பி.ஒய்.டி. ஆட்டோ 3, சிட்ரோயன் இ.சி. 3 போன்றவை) நடுவில் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட தட்டையாகவே போகும். அதனால் வித்தியாசம் தெரியாது. அங்கே முழு சார்ஜுக்கு அருகில் அல்லது அடிமட்டத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது வழிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். எனக்குப் பிடித்ததும் இதுதான். 20 சதவீதத்தை ஒட்டி சார்ஜ் இருக்கும்போது ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போங்கள். ஏசியை அணையுங்கள். ஆரம்ப சதவீதத்தைப் படம் எடுங்கள். 80 வந்ததும் நிறுத்தி, சார்ஜர் திரையில் எத்தனை யூனிட் ஏறியது என்று படம் எடுங்கள். இப்போது கணக்கு. 30.2 யூனிட் பேட்டரி கார் என்று வைத்துக்கொள்வோம். 22இலிருந்து 80 வரை, அதாவது 58 சதவீதத்துக்கு, 15.4 யூனிட் ஏறியிருக்கிறது. வழியில் வீணாவது சுமார் 5 சதவீதம் என்று கழித்தால் பேட்டரிக்குள் போனது 14.6. அதை 0.58ஆல் வகுத்தால் 25.2 வரும். 30.2க்கு 25.2 என்பது 83 சதவீதம்.

இது மோசமா? இல்லை. புதுக் காரே எழுதியிருக்கும் முழு அளவையும் ஓட்டத் தராது. மேலும் கீழும் கொஞ்சம் பாதுகாப்புக்காகப் பூட்டிவைத்திருக்கும். எனவே நாலைந்து வருடக் காரில் 83 வந்தால் நான் சந்தோஷமாக அடுத்த கட்டத்துக்குப் போவேன். 75க்குக் கீழே என்றால் விலை நன்றாக இறங்க வேண்டும், அல்லது வாரண்டி கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு சார்ஜை வைத்துச் செய்யும் கணக்கு என்பதால் இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே போகலாம். ரிப்போர்ட் 96 என்றும் இந்தக் கணக்கு 74 என்றும் சொன்னால், ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. பேட்டரிக்கு வெயில் ஆகாது. இங்கேயே வாழ்ந்த கார், சென்னையிலோ டெல்லியிலோ திறந்த வெளியில் நின்ற காரைவிட மெதுவாகத்தான் தேய்ந்திருக்கும். விலை ஒன்றாக இருந்தால் கே.ஏ. (கர்நாடகா) பதிவுக் காரையே எடுங்கள். வெளி மாநிலக் காருக்கு என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று), மறுபதிவு என்று அலைச்சல் வேறு. மின்சார காருக்கு இங்கே வரியே கிடையாது என்ற பழைய பேச்சையும் நம்ப வேண்டாம். 25 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2024இலேயே வாழ்நாள் வரி வந்துவிட்டது. இன்றைய நிலவரத்தை ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு விதமாகவும் சார்ஜ் போடுங்கள்

ஃபாஸ்ட் சார்ஜரில் மின்சாரம் நேராக பேட்டரிக்குப் போகும். வீட்டு சார்ஜில் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் வழியாகப் போகும். ஒன்று வேலை செய்வதால் மற்றதும் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. பழுதான ஆன்போர்டு சார்ஜரோடு, ‘பக்கத்துலயே ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு வாங்க’ என்று அழைத்துப்போய் காட்டுபவர்கள் உண்டு. வாரண்டி முடிந்திருந்தால் அதை மாற்றுவதற்குப் பெரிய தொகை ஆகும். அதனால் சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டிலும் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள், இடையில் தானாக நிற்கிறதா என்று.

சார்ஜிங் வாயின் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடியுங்கள். பின்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகி, நசுங்கின மாதிரி இருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. காரோடு வரும் கேபிளின் மூன்று பின் பிளக்கையும் அப்படியே பாருங்கள்; கருகுவது அங்கேதான் அதிகம். கன்னைச் செருகி எடுக்கும்போது லாக் ஒழுங்காக விடுபடுகிறதா? கேபிளும் சுவர் பெட்டியும் விலையில் சேர்த்தியா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். தனியாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும்.

ஓட்டிப் பார்ப்பது

சிக்னல் சிக்னலாக நின்று போகும் கே.ஆர். புரம் பக்கம் கொஞ்சம், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கொஞ்சம் ஓட்டினால் இரண்டு குணமும் தெரிந்துவிடும். மியூசிக் வேண்டாம், கண்ணாடியை இறக்குங்கள்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கூடி, விட்டதும் மாறும் ‘ஊ...’ என்ற மெல்லிய சத்தம் சகஜம். உலோகம் உரசும் சத்தமோ, வேகத்தோடு கூடும் முனகலோ கேட்டால் ரிடக்‌ஷன் கியர் அல்லது பேரிங். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது ‘டக்’ என்று இடித்தால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டிக் டிக்’ என்றால், டிரைவ் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளுக்கு எடையும் அதிகம், எடுத்த எடுப்பில் இழுவையும் அதிகம். நம் ஊர் ஹம்ப்களில் ஏறி இறங்கி புஷ், லோயர் ஆர்ம் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் சீக்கிரம் தளரும்.

சார்ஜ் 15 சதவீதத்தை நெருங்கும்போது, சார்ஜருக்குப் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒருமுறை நன்றாக அழுத்துங்கள். சதவீதம் படிப்படியாக இறங்கினால் சரி. 14 காட்டியது சட்டென்று 7 ஆனாலோ, வேகம் தானாகக் குறைந்து எச்சரிக்கை வந்தாலோ, பேட்டரிக்குள் ஏதோ ஒரு செல் சோர்ந்திருக்கிறது. அந்தக் கார் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் பேரமே பேசாதீர்கள்.

முழு சார்ஜில் இருக்கும்போது ரீஜென் பிரேக்கிங் (வேகம் குறையும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கே திருப்பும் பிரேக்) பலமில்லாமல் இருப்பது பழுதல்ல. மின்சாரத்தைத் திருப்பி வைக்க பேட்டரியில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

அடிப்பாகமும் வெள்ளமும்

காரை லிஃப்டில் ஏற்றாமல் வாங்காதீர்கள். பேட்டரிப் பெட்டி வண்டியின் அடியில்தான் தொங்குகிறது. மேலோட்டமான கீறல் பரவாயில்லை. பள்ளமாக நசுங்கியிருந்தால், ஓரத்து சீலன்ட் புதிதாகத் தடவியிருந்தால், போல்ட்களில் மட்டும் ஸ்பேனர் பட்ட அடையாளம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் டேப் சுற்றியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அது உயர் அழுத்த மின்சாரம் ஓடும் வயர். கை வைக்கவும் வேண்டாம்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் பேஸ்மென்ட்கள் மூழ்கியது நினைவிருக்கும். அந்த மாதிரி தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து வெளியே வருகின்றன. பேட்டரிக்கு ஐ.பி. 67 சான்று உண்டு என்பார்கள். அந்தச் சான்று சொல்வது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான், அதுவும் சீல் புதிதாக இருக்கும்போது. இரண்டு நாள் மூழ்கிக் கிடந்ததற்கு அது பொறுப்பேற்காது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை ஒளிந்திருக்கும். முன் சீட்டைப் பின்னால் தள்ளி அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்களில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் கையை விட்டு மண் ஒட்டுகிறதா பாருங்கள். வாசனை போடும் டப்பா மூன்று நாலு இருந்தாலே எனக்கு மூக்கு வேர்க்கும்.

மீதிச் சில்லறை

12 வோல்ட் பேட்டரி: மின்சார காரிலும் சின்ன பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி முழுக்க இருந்தும் கார் எழுந்திருக்காது. விசித்திரமான எச்சரிக்கைகள் பலவற்றுக்கும் காரணம் இதுதான். சில ஆயிரம் ரூபாயோடு போய்விடும்; பயந்து ஓட வேண்டாம். ஏசி: பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதுவே, அதனால் சில்லென்று வர வேண்டும். பிரேக்: ரீஜென் காரணமாக டிஸ்க் அதிகம் உரசாமல் துருப்பிடித்திருக்கலாம். டயர்: முன் டயர்கள் சீக்கிரம் தேயும்; 15,000 ஓடிய காரில் நாலு டயரும் வேறு கம்பெனி என்றால் ஓடோமீட்டரை சர்வீஸ் ரசீதுகளோடு ஒப்பிடுங்கள்.

பணம் பேசும்போது

அதே மாடல் புதிதாக இன்று என்ன விலை என்று முதலில் பாருங்கள். 2024 பிப்ரவரியில் டாடாவும் எம்.ஜி.யும் புதுக் கார் விலையையே குறைத்தார்கள். பழைய ஓனர் அன்று கொடுத்த விலையிலிருந்து கணக்குப் போட்டால் நீங்கள் ஏமாறுவீர்கள். டீலர் ‘ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி’ என்று மொத்த விலைக்கும் சேர்த்துக் கேட்டால், 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சொன்னது டீலரின் லாபத்தின் மீது மட்டும் என்று ஞாபகப்படுத்துங்கள். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அதுவும் கிடையாது.

டோக்கன் கொடுக்கும்போது, ‘பேட்டரி ரிப்போர்ட்டும் வாரண்டி மாற்றமும் சரியாக இருந்தால் மட்டுமே, இல்லையேல் முழுத்தொகையும் திருப்பி’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். பெங்களூர் டிராஃபிக் போலீஸ் அபராதம் சில கார்களில் மலைபோல் சேர்ந்திருக்கும். நம்பரைப் போட்டுப் பார்த்து, கட்டி முடித்த ரசீதோடு வரச் சொல்லுங்கள்.

சாவி கைக்கு வந்த பிறகு

ஆர்.சி.யில் பெயர் மாற்ற பாரம் (படிவம்) 29, 30இல் இரு தரப்பும் கையெழுத்து. கடன் இருந்திருந்தால் அந்தப் பதிவை நீக்க வங்கியின் கடிதத்தோடு பாரம் 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ-க்ளைம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் கூடுதல் பணம் கேட்பார்கள், அது முறைதான்.

பலர் கோட்டைவிடுவது ஆப் கணக்கை. பழைய ஓனரின் போனில் கார் இன்னும் இணைந்திருந்தால், நீங்கள் ஓசூரில் நிற்கிறீர்களா கோலாரில் நிற்கிறீர்களா என்று அவருக்குத் தெரியும். சில மாடல்களில் கதவையே திறக்கலாம். அவர் எதிரிலேயே கணக்கை நீக்கச் சொல்லி, உங்கள் நம்பரில் பதிவு செய்து, கதவைப் பூட்டித் திறந்து பாருங்கள். இரண்டாவது சாவியையும் சார்ஜிங் கேபிளையும் வாங்கிக்கொண்டு, அவருடைய ஃபாஸ்டேக்கை கண்ணாடியிலிருந்து உரித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள்.